எச் இல்லாத ஆல்சியன்

அந்தக் கடிதம் மேசைக்கு வந்த திங்கட்கிழமை காலையில்தான் ஹெஸ்டர் லிண்ட்லி அந்தச் சொல்லுக்குக் கத்தி போட்டு முடித்திருந்தாள்.

கத்தி என்பது அலுவலக வழக்கு. குத்துவாள் வடிவத்தில் ஒரு சின்னக் குறி. ஒரு சொல்லுக்கோ, ஒரு சொல்லை எழுதும் முறைக்கோ முன்னால் அதைப் போட்டுவிட்டால், இது செத்துவிட்டது, இனி யாரும் எழுதுவதில்லை என்று பொருள். யார்க் நகரத்து அகராதி அலுவலகத்தில் அந்த வாரம் எச் எழுத்தின் முதல் பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டியிருந்தன. ஆங்கிலத்தில் ஏழெழுத்துச் சொல்லான ‘ஹால்சியன்’ ஹெஸ்டரின் பொறுப்பு. அமைதியான, அலையடங்கிய, இனிமையான என்று பொருள்படும் பெயரடை. அந்தச் சொல் நன்றாக உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் பழைய புத்தகங்களில் சிலர் அதை எச் இல்லாமல் ‘ஆல்சியன்’ என்று எழுதியிருந்தார்கள். அப்படி எழுதியதற்கு அலுவலகத்தில் இருந்த கடைசிச் சாட்சி இருநூறு வருஷத்துக்கு முந்தையது. அதனால் அந்த எழுத்துமுறைக்கு மட்டும் ஒரு கத்தி.

கடிதம் கடற்கரை ஊரான ஸ்கெல்விக்கிலிருந்து வந்திருந்தது.

“அகராதி அலுவலகத்தாருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாள் புயலில் எங்கள் ஊரின் மூன்று படகுகள் திரும்பவில்லை. அவர்களுக்காகப் படகுத் துறையில் கல் வைக்கிறார்கள். படகின் பெயரும் ஆட்களின் பெயரும் வெட்டுவார்கள். என் அப்பா ஐசக் ஸ்டோரின் படகு ஆல்சியன். எச் இல்லாமல், அவரே தன் கையால் எழுதினது. கல் குழுவின் தலைவர் எங்கள் தலைமை ஆசிரியர் திரு. ஆர்மராட். அது எழுத்துப்பிழை, கல்லில் பிழை நிற்கக் கூடாது என்கிறார். அகராதிக்காரர்கள் சரி என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வதாகவும் சொல்கிறார். வியாழக்கிழமை காலை கல்தச்சர் வருகிறார். அப்பா தப்பாக எழுதினாரா என்று சொல்ல முடியுமா? தோரா ஸ்டோர்.”

ஹெஸ்டர் அதை எடுத்துக்கொண்டு தலைமைப் பதிப்பாசிரியர் பெவரல் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“படகுப் பேரு சாட்சி ஆகாது, மிஸ் லிண்ட்லி. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் சார்.”

“படகுக்கு யாரு வேணா என்ன பேர் வேணா வைக்கலாம். என் அக்கா அவ பூனைக்குத் துருக்கின்னு பேர் வெச்சிருக்கா. அத வெச்சு துருக்கிக்குப் பூனைன்னு அர்த்தம் போட முடியுமா?”

“ரெண்டும் சரின்னு ஒரு வரி எழுதிப் போடலாமேன்னு பார்த்தேன்.”

“சரி, தப்பு நாம எப்ப சொல்லியிருக்கோம்? ஜனங்க எழுதறாங்க, நாம குறிச்சு வைக்கிறோம். ஆறுதல் சொல்றதுக்குப் பாதிரியார் இருக்கார்.” கடிதத்தை மடித்து நீட்டியவர், அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். “ஒரு சீட்டு கொண்டு வாங்க. இப்ப உயிரோட இருக்கற ஒருத்தர், பேரா இல்லாம சொல்லா, எச் இல்லாம எழுதினதுன்னு ஒரே ஒரு சீட்டு. நானே கத்திய அழிச்சுடறேன். வெள்ளிக்கிழம அச்சுக்குப் போயிடும், ஞாபகம் இருக்கட்டும்.”

அந்த அலுவலகம் முழுக்கச் சீட்டுகளால் ஆனது. ஊர் ஊராகப் புத்தகம் படிப்பவர்கள், ஒரு சொல் கண்ணில் பட்டால், அது வந்த வாக்கியத்தையும் யார் எழுதியது, எந்த ஆண்டு என்பதையும் உள்ளங்கை அளவுத் தாளில் எழுதி அனுப்புவார்கள். அவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கினால் போதும். ஒரு சொல் எப்போது பிறந்தது, எந்தத் தெருவில் திரும்பியது, எப்போது மூச்சு நின்றது என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். கேட்டது சீட்டில் ஏறாது. எழுதினது மட்டுமே ஏறும்.

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். எழுதினால் அது தலைமை ஆசிரியர் பக்கம்தான் சாயும். ஹெஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. புதன்கிழமை விடுப்பு போட்டு, நான்கைந்து வெற்றுச் சீட்டுகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் ரயிலில் ஸ்கெல்விக் போனாள்.

தோரா ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து சிப்பியை உடைத்துச் சதையைத் தூண்டிலில் கோத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஹெஸ்டர் தன் பெயரையும் வந்த இடத்தையும் சொன்னதும், கை வேலையை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

“அகராதியிலேர்ந்தா? ஆளே வந்துட்டீங்களா? வாங்க மிஸ் எஸ்டர், உக்காருங்க. அந்தக் கூடைய மட்டும் தள்ளிக்குங்க, பாவாடையெல்லாம் நாறிடும்.”

காதில் ஹெஸ்டர் என்றுதான் விழுந்திருக்கும். வாயில் எஸ்டர் என்றுதான் வந்தது. ஹோட்டலை ஓட்டல் என்று சொல்வது போல, ஸ்கெல்விக்கில் யாருக்கும் அந்த ஹ லேசில் வராது.

“உங்க அப்பா ஏன் அப்படி எழுதினார் தோரா? கிரேக்கம் ஏதாவது படிச்சிருந்தாரா?”

தோரா வாய்விட்டுச் சிரித்தாள். “கிரேக்கமா? பைபிள்லயே பேருங்கள விட்டுட்டுப் படிப்பார். இங்க ஆரின்னா ஹாரி. எரிங்குன்னா ஹெரிங் மீனு. வாயில எப்படி வந்துச்சோ அப்படியே பெயிண்ட் அடிச்சுட்டார். பக்கத்து ஊர்க்காரனுங்க தொறைக்கு வந்தாலே, ‘ஐசக்கு, எச்சு எங்கப்பா, தண்ணியில விழுந்துடுச்சா?’ம்பானுங்க. ‘கனமா இருந்துச்சு, கரையிலயே எறக்கி வெச்சுட்டேன்’ம்பார்.”

ஹெஸ்டரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் சோர்ந்தாள். அவளிடம் ஒரு நல்ல சேதி இருந்தது. ஆனால் அது பாதிதான் நல்லது. அதைச் சொல்ல வேண்டுமானால் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

“அல்கியோனின்னு ஒருத்தி இருந்தா. காத்துக்கெல்லாம் ராஜாவோட பொண்ணு. அவ புருஷன் கடல்ல முழுகிப் போயிட்டான். அவ பாறை மேலேர்ந்து குதிச்சுட்டா. தேவதைங்க மனசு எளகி ரெண்டு பேரையும் மீன்கொத்தியா மாத்திட்டாங்க. மீன்கொத்தி நடுக் குளிர்காலத்துல கடல் மேல கூடு கட்டி முட்டை வைக்குமாம். அந்தப் பதினாலு நாளும் அவ அப்பன் காத்த உள்ள போட்டு அடைச்சு வைப்பானாம். அலை அடங்கிடும். அந்த நாளுங்கதான் ஹால்சியன் நாள்.”

“காத்தக் கட்டி வைக்கற அப்பனா?” தோரா ஒரு சிப்பியை எடுத்தாள். “எங்க அப்பாவுக்கு நாயக் கட்டி வைக்கவே வராது.”

“மீன்கொத்திக்குக் கிரேக்கத்துல பேரு அல்கியோன். எச் கெடையாது. பின்னாடி வந்த படிச்சவங்க இந்தக் கதையக் கேட்டுட்டு ஒரு கணக்குப் போட்டாங்க. கிரேக்கத்துல கடலுக்கு ‘ஹால்ஸ்’னு ஒரு சொல் உண்டு. கடல்ல முட்டை வைக்கற பறவை, அப்ப பேருக்குள்ள கடல் இருக்கணும், யாரோ எச்ச விட்டுட்டாங்கன்னு நெனச்சு, முன்னாடி ஒரு எச் ஒட்ட வெச்சுட்டாங்க. அதாவது அந்த எச்சு சொல்லோட பொறந்தது இல்ல, கதையால வந்து ஒட்டினது. உங்க அப்பா தெரியாமலே அதக் கழட்டிட்டார்.”

தோராவின் கை நின்றது. “அப்ப அவர்தான் சரியா?”

இந்தக் கேள்விக்குத்தான் ஹெஸ்டர் பயந்திருந்தாள். “கிரேக்கத்துல சரி. இங்கிலீஷ்ல இருநூறு வருஷமா அப்படி யாரும் எழுதல. எழுதினதுக்கு எங்ககிட்ட சாட்சி இல்ல. படகுப் பேரு சாட்சியில சேராது. இப்ப இருக்கற நெலமையில எங்க அகராதி ஆசிரியர் பக்கம்தான் பேசும், தோரா. பொய் எழுதித் தர என்னால ஆகாது.”

“பொய் வேணாம்,” என்றாள் தோரா. மறுபடி சிப்பியை உடைக்கத் தொடங்கினாள், முன்பைவிட வேகமாக.

அப்போது எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தடித்த ஒரு பெண்மணி பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள். “ஏ தோரா! நாளு இம்புட்டு ஆல்சியனா இருக்கு, போர்வையக் கொடியில போடாம வந்தவங்களோட என்னடி கத? மூணு மணிக்கு மேல காத்து திரும்பிடும் பாத்துக்கோ!”

“போடறேன் டார்க்கஸ் அத்த!”

ஹெஸ்டர் எழுந்து நின்றுவிட்டாள். “இப்ப என்ன சொன்னாங்க?”

“போர்வையப் போடச் சொன்னாங்க.”

“அதில்ல. நாளு எப்படி இருக்குன்னாங்க?”

“ஆல்சியனா இருக்குன்னாங்க. காத்து இல்லாம, வெயிலா... எல்லாரும் சொல்றதுதானே?”

ஒரு பெயர் எப்படிப் பெயரடையாக மாறுகிறது என்பதை ஹெஸ்டர் நூறு முறை தாளில் பார்த்திருக்கிறாள், காதால் கேட்டதில்லை. அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. மீன்கொத்தி நாள் என்று சொன்னால் பறவை இன்னும் உள்ளே இருக்கிறது. ஹால்சியன் குழந்தைப் பருவம் என்று ஒருவர் எழுதும்போது அங்கே மீன்கொத்தியைப் போட்டுப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும். பறவை பறந்துவிட்டது, அதன் குணம் மட்டும் தங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் பெயரடை பிறக்கிறது. இங்கே டார்க்கஸ் போர்வைக்காகச் சொன்ன சொல்லுக்குள் பறவையும் இல்லை, படகும் இல்லை. வெறும் குணம்தான் இருந்தது.

“இது எப்பலேர்ந்து சொல்றாங்க?”

தோரா சற்றுத் தயங்கினாள். “கேலியா ஆரம்பிச்சதுதான். எங்க அப்பா கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. அலை முழங்கால் ஒசரம் எழும்புனாலே படகக் கட்டிப் போட்டுடுவார். ‘ஆல்சியனே கெளம்பிடுச்சுடா, அப்ப இன்னிக்குக் குழந்தையக்கூடக் கூட்டிட்டுப் போலாம்’னு சிரிப்பாங்க. அப்புறம் நல்ல நாளுக்கே அதுதான் பேராப் போச்சு. அவர் போனப்புறம் யாரும் சிரிச்சுச் சொல்றதில்ல. சொல்லு மட்டும் நின்னுடுச்சு.” கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள். “அன்னிக்குக் காலையிலயும் ஆல்சியனாத்தான் இருந்துச்சு மிஸ். இல்லன்னா போயிருப்பாரா?”

ஹெஸ்டர் மறுபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்லக் கேட்டாள். “இத யாராவது எழுதியிருக்காங்களா தோரா? ஒரு கடுதாசி, ஒரு குறிப்பு, ஏதாவது?”

“எழுதறதா? எங்க ஊர்ல எழுதறவர் ஒருத்தர்தான். அவர்தான் எச் கேக்கறார்.”

இருவரும் பள்ளிக்குப் போனார்கள். பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆர்மராட் ஒல்லியான மனிதர். காலர் வெள்ளையாக இருந்தது, முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. மேசையில் ஒரு தடித்த அகராதி அந்தச் சொல்லின் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அகராதி அலுவலகத்திலிருந்தே ஆள் வந்ததில் அவருக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் உதறல்.

“நான் கெட்டவன் இல்ல, மிஸ் லிண்ட்லி,” என்று அவரே தொடங்கினார். “கோடையில வெளியூர்க்காரங்க வர்றாங்க. தொறையில நின்னு கல்லப் படிப்பாங்க. பாருடா, இவங்களுக்கு எழுதக்கூடத் தெரியலன்னு சிரிப்பாங்க. ஐசக் உயிரோட இருந்தப்ப அவரப் பாத்துச் சிரிச்சது போதாதா? செத்தப்புறமும் சிரிக்கணுமா?”

கதவருகில் நின்ற தோரா தரையைப் பார்த்தாள். அவர் இப்படி நினைத்திருப்பார் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஹெஸ்டர் எச் வந்த கதையை அவருக்கும் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார், தலையசைத்தார்.

“சரி, தப்பாத்தான் ஒட்டினாங்கன்னே வெச்சுக்குவோம். ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் பண்ற தப்பு அப்புறம் தப்பா? எது வழக்கமோ அதுதான் சரின்னு சொல்றவங்க நீங்கதானே?”

அவர் கெட்டிக்காரர். ஹெஸ்டரால் மறுக்க முடியவில்லை. “ஆமா. அதான் எங்க விதி.”

“அப்ப வழக்கத்தக் காட்டுங்க. எழுதினது. படகு வேணாம்.”

“ஊரே சொல்லுது சார்.”

“சொல்லுது. எழுதல. பன்னெண்டு வருஷமா இவங்களுக்கு எச் சொல்லிக் குடுக்கறேன், ஒருத்தன் வாயிலயும் நிக்கல. அதுக்காக நான் விட்டுட்டேனா?”

ஹெஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரியில் தோல் உறை போட்ட தடித்த நோட்டு ஒன்று இருந்தது. தலைமை ஆசிரியர்கள் தினமும் எழுதியாக வேண்டிய பள்ளி நாட்குறிப்பு. எத்தனை பேர் வந்தார்கள், ஏன் வரவில்லை, இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார் என்று எல்லாம் அதில் ஏறும்.

“வானிலையும் குறிப்பீங்களா?”

“குறிக்காம? நல்ல வெயில் அடிச்சா பாதிப் பிள்ளைங்க பாறைக்குச் சிப்பி பொறுக்கப் போயிடுது. வருகை கொறைஞ்சதுக்குக் காரணம் எழுதணுமே.” எடுத்து வந்தார். தன் கையெழுத்தில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. அந்த நோட்டை அவர் பிரித்த விதத்திலேயே அது தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய அக்டோபரைப் புரட்டி, விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

“ ‘செவ்வாய். வானிலை...’ ”

நிறுத்திவிட்டார். ஹெஸ்டர் காத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுத்து மாறவில்லை. ஹெஸ்டர் எட்டிப் பார்த்துத் தானே படித்தாள்.

“ ‘வானிலை ஆல்சியன். பதினோரு பேர் வரவில்லை.’ ”

பெயருக்குப் போடும் பெரிய எழுத்தில் தொடங்காமல், எச் இல்லாமல், அழகான கையெழுத்தில் இருந்தது. ஏப்ரலில் ஒன்று. அடுத்த வருஷம் செப்டம்பரில் இன்னொன்று. “ ‘மறுபடியும் ஆல்சியன் காலை, வகுப்பு காலி.’ ”

“நான் லீட்ஸ்காரன்,” என்றார் ஆர்மராட் பலவீனமாக. “எங்க வீட்டுல எச் சொல்லாட்டி சோறு கெடையாது.”

“நீங்க எழுதும்போது பெரிய அகராதியில இருக்கற சொல்ல நெனைக்கல,” என்றாள் ஹெஸ்டர். “ஊர் சொல்ற சொல்ல எழுதியிருக்கீங்க. அது வேற சொல்லு மாதிரி உங்க காதுல விழுந்திருக்கு. சார், இது பிழை இல்ல. நான் தேடி வந்த சாட்சி.” கைப்பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். “உங்க கையாலயே எழுதித் தரணும். வாக்கியம், தேதி, உங்க பேரு.”

“பேரு போட்டே ஆகணுமா?”

“பேரில்லாத சாட்சி செல்லாது.”

அவர் முகம் சிவந்தது. “அச்சுல வரும். கல்வித்துறையில எல்லாரும் படிப்பாங்க. ஆர்மராட்டுக்கு எழுதத் தெரியல, அதையும் அகராதியிலயே போட்டுட்டாங்கம்பாங்க. நான் முப்பது வருஷமா...” நாட்குறிப்பை மெல்ல மூடினார். கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டார்.

ஹெஸ்டர் வற்புறுத்தவில்லை. அவளுக்கு அவர் பயம் புரிந்தது. அவளே ஒருமுறை ஒரு பொருளைத் தவறாக அச்சேற்றிவிட்டு ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

பேசினது தோரா. “சார், எங்க அப்பாவப் பாத்து முப்பது வருஷம் சிரிச்சாங்க. ஒரு டப்பா பெயிண்டும் ஒரு மத்தியானமும் போதும், ஒரு எச்ச எழுதி வாய அடைச்சிருக்கலாம். அவர் எழுதல. அவரப் பயந்தாங்கொள்ளிம்பாங்க, நானும் சொல்வேன். இதுல மட்டும் பயப்படல.”

வெளியே பிள்ளைகள் திரும்பி வரும் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஆர்மராட் பேனாவை மையில் தோய்த்தார். வாக்கியத்தை எழுதினார், தேதி எழுதினார். பெயர் எழுதும் இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு முழுப் பெயரும் எழுதினார்: எபினேசர் ஜான் ஆர்மராட், தலைமை ஆசிரியர், ஸ்கெல்விக்.

“ஒரு எச்சும் இல்லாத பேரா இருந்தா நல்லாருந்திருக்கும்,” என்றார். “ஜான்ல ஒண்ணு ஒளிஞ்சிருக்கு.”

ஹெஸ்டர் தபால் ஆபீசிலிருந்து சீட்டின் வாசகத்தை அப்படியே யார்க்குக்குத் தந்தி அடித்தாள். சாயங்காலத்துக்குள் பெவரலின் பதில் வந்துவிட்டது. “கத்தி அழிக்கப்பட்டது. வட்டார வழக்கு என்று குறிக்கவும். ஆசிரியருக்கு நன்றி. என் அக்காவின் பூனையும் நலம்.” பூனை வரியைத் தவிர மற்றதைத் தோரா மூன்று முறை படிக்கச் சொன்னாள். பிறகு பூனை வரியையும் படிக்கச் சொன்னாள்.

அன்று ராத்திரி ஹெஸ்டர் தோராவின் வீட்டிலேயே தங்கினாள். வியாழக்கிழமை காலையில் துறையில் கல்தச்சர் கல்லின் முன்னால் மண்டியிட்டுச் சாக்கட்டியால் எழுத்துகளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முதல் இரண்டு படகுகளும் முடிந்திருந்தன. ஆர்மராட் குழுத் தலைவராகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூணாவதுல எச் கெடையாது,” என்றார்.

கல்தச்சர் நிமிர்ந்தார். “நீங்க குடுத்த தாள்ல இருக்கே?”

“தாள் தப்பு.”

“ஏழு எழுத்துக்கு எடம் அளந்து கோடும் போட்டாச்சு சார். இப்ப ஆறு ஆச்சுன்னா நடுவுல நிக்காது. நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. வெட்டுனப்புறம் ஒட்ட முடியாது.”

“நல்லாப் பாத்தாச்சு. நானே எழுதியிருக்கேன்.”

கல்தச்சர் முணுமுணுத்துக்கொண்டே முதல் எழுத்தை ஈரத் துணியால் துடைத்தார். மீதி ஆறையும் துடைத்தார். நூலைப் பிடித்து நடுவைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் அரை எழுத்து அகலம் விட்டு, புதிதாகக் கோடு போட்டார். அப்படித்தான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி தெரியும். ஆறு எழுத்தும் நடுவில் வந்து நின்றபோது அங்கே எதுவும் குறைவதாகத் தோன்றவில்லை.

தோரா அதை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினாள், தொடாமல்.

“வெட்டுங்க,” என்றாள்.

அவர் உளியை முதல் எழுத்தின் உச்சியில் வைத்தார்.